ஏழு நாய்களும் ஒரு கடைசி பஸ்ஸும்

ஜவ்வாது மலைக்குத் தங்குவதற்கென்று போகிறவர்கள் குறைவு. ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் அப்படிப் போவார்கள். இங்கே காலையில் ஏறி, பீமன் மடவு அருவியில் குளித்து, கோமுட்டேரியில் படகில் ஒரு சுற்று வந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். கோடை விழா நாட்களை விட்டால் ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் முதுகுப் பையோடு ஒருவர் நின்றாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒருவர் பெண்ணாக இருந்து, கூட யாரும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலை போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு இறங்குவதாக ஏற்பாடு. தீபத்துக் கூட்டம் சேருவதற்கு முன் கோயிலைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. சனிக்கிழமையாகப் பார்த்து ஏறியதற்குக் காரணம் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்துக்குள் பொதுமக்களை விடுவது சனிக்கிழமைகளில்தான். ஃபெஞ்சல் புயல் கரையேறப் போவது புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். வாணியம்பாடியில் அன்று காலை வெறும் தூறல்தான். ஆலங்காயம் வரும்வரை பஸ் கண்ணாடியை மூடக்கூட இல்லை. காவலூரில் இறங்கியபோது மரங்களுக்கு மேலே தெரிந்த குவிமாடத்தில் பாதியை மேகம் விழுங்கியிருந்தது. வாசலில் நின்றவர் என் பையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மேகத்துல இன்னாம்மா தெரியும்? தை பொறந்து வாங்க."

வானம் பார்ப்பவர்களுக்கு இந்த மலையில் பிடித்தது அதன் இருட்டு. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-ல் பொறுப்பேற்ற பாப்பு, இரவு வானத்துக்கு ஏற்ற ஓர் இடத்தைத் தென்னிந்தியா முழுக்கத் தேடி இங்கே வந்து நின்றார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். சுற்றிலும் காடு, விளக்கு வெளிச்சம் கிடையாது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரத்தில் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரம் மங்கியது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. அறிந்த இடங்களில் இந்தக் காடும் ஒன்று. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தபோது பாப்பு இல்லை. 1982-லேயே மியூனிக்கில் காலமாகிவிட்டார். அவர் பெயரை வானாய்வகத்துக்கு வைத்தார்கள்.

மழை வலுத்தது. ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

ஊரில் விசாரித்துப் போன விடுதியில் இருந்தவர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யாரு?" என்றார். யாரும் இல்லை என்றேன். "ஃபேமிலிக்குத்தாம்மா குடுக்கிறது. தனிப் பொம்பளைக்குக் குடுத்தா நாளைக்கி எங்களுக்குத்தான் தொந்தரவு." எந்தத் தொந்தரவு, யாரால் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். தமிழ்நாட்டில் தனியாகச் சுற்றும் பெண்ணுக்கு மலைப்பாதை, காட்டு விலங்கு எல்லாம் அப்புறம். முதல் கண்டம் விடுதி வரவேற்பு மேசைதான்.

பஸ் நிலையத்து டீக்கடை அக்காதான் ஒரு வழி சொன்னார். வழி என்ன, தன் வீட்டையே சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையைச் சாத்திக்கொண்டே விசாரணை நடந்தது.

"தனியாவா வந்தே? வீட்ல விட்டாங்களா?"

"சொல்லிட்டுத்தாங்க்கா வந்தேன்."

"கல்யாணம்?"

"இல்லக்கா."

"சரி, அது உன் பாடு. இந்த மழைல எங்க போவ? நம்ம வூடு கிட்டத்துலதான். மாமனார், மாமியார், நானு, என் பொண்ணு. ஆம்பள கேரளாவுல எஸ்டேட்டு வேலைக்குப் போயிருக்கு. வா."

கிட்டத்தில் என்பது மலைக்காரர் கணக்கு. டார்ச் வெளிச்சத்தில், ஓடை மாதிரி தண்ணீர் ஓடிய பாதையில் நடந்து வீடு சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிட்டது. ராத்திரி முழுக்க ஓட்டு மேல் மழை பெய்த சத்தத்தில் பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது.

காலையில் பஸ் நிலையத்துக்கு வந்தால் பஸ் இல்லை. கீழேயிருந்து எதுவும் ஏறவில்லை. போளூர் ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றார் ஒருவர். மண் இல்லை, பாறை என்றார் இன்னொருவர். ஆலங்காயம் பக்கம் மரம் விழுந்து கிடப்பதாக ஒரு பைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒவ்வொருவரிடமும் "எப்ப சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியே அவர்களுக்கு விளங்கவில்லை என்று பட்டது. சரியாகும்போது சரியாகும்.

நின்றுபோனது நான் மட்டுமில்லை. திருப்பூருக்குப் போக வேண்டிய பையன்கள் நாலைந்து பேர், பனியன் கம்பெனி வேலை, லீவுக்கு வந்தவர்கள். திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க நாள் குறித்துக் கொடுத்திருந்த நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, அவள் அம்மா. போளூரில் விற்க வேண்டிய கொய்யா நாலு கூடை. அதை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், முதலில் கிலோவாக விற்றார், பிறகு கூறு கட்டி விற்றார், கடைசியில் பையன்களுக்குச் சும்மா கொடுத்தார். உண்டு உறைவிடப் பள்ளிக்கு வர வேண்டிய வாத்தியார் வரவில்லை. போக வேண்டிய வாத்தியார் போகவில்லை, அவரே இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொண்டார். டீக்கடையில் பால் தீர்ந்தது. அக்கா கடுங்காப்பி போட்டார். வெல்லம் இருக்கும்வரை கடை உண்டு என்றார்.

பயணக் கட்டுரைக்காரர்கள் வழி தவறினாலும் பஸ் தவறினாலும் உள்ளூர மகிழ்வார்கள். எழுத விஷயம் கிடைத்துவிட்டதே. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் அம்மா கொட்டும் மழையில் ரோட்டுக்கு நடந்து போய் வளைவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மகிழ்ச்சி கூசியது. இருந்தாலும் குறிப்பேட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத்தான் செய்தேன்.

வீட்டில் வேறு பிரச்சினை. கார்த்திகை மாசம், சாமை அறுவடையாகிக் களத்துக்கு வந்திருந்த நேரம். இந்த மலைக்கு உயிர்ப்பயிர் சாமைதான். ஆடியை ஒட்டி விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுப்பார்கள். மூட்டை கட்டும் முன் மழை பிடித்துக்கொண்டதால் ஈரச் சாமை முழுவதையும் நடுவீட்டில் பரப்பியிருந்தார்கள். ஒரு விரற்கடை கனத்துக்கு, சுவரிலிருந்து சுவர்வரை. நாங்கள் படுத்தது அதன் ஓரத்தில், அடுப்பங்கரைக் கதவை ஒட்டி. ஈரமாக விட்டால் முளைத்துவிடும், அல்லது பூசணம் பிடிக்கும். அதனால் அடுப்பு அணையாமல் எரிந்தது; சூடும் புகையும் கூடத்துக்கு வரட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் யாராவது எழுந்து காலாலேயே துழாவிப் புரட்டிவிட வேண்டும். ராத்திரியில் என் முறையும் வந்தது. பாதத்துக்கு அடியில் சாமை நழுவுவது மணல் மாதிரி இருக்காது. எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். மாமியார்க் கிழவி எழுந்து வந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் கடிப்பார். 'நறுக்'கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் புரட்ட வேண்டும். "நசுங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராது.

கரண்ட் இல்லாததால் மில் இல்லை. பரணில் கிடந்த உலக்கை இறங்கியது. சாமையின் உமி கண்ணாடி மாதிரி இறுக்கமானது. ஒரு குத்தில் போகாது. குத்தி, முறத்தில் புடைத்து, போகாததைத் திரும்பக் குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். நான் குத்திய லட்சணத்தைப் பார்த்து ஒன்பதாவது படிக்கும் அக்காவின் மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது. ஆனால் உமி போனதோடு வேலை முடியவில்லை. சாமையை ஒத்த அளவில் பொடிக்கல் கலந்திருக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, வட்டமாக ஆட்டி ஆட்டி, மிதந்து வரும் சாமையை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். கல் அடியில் தங்கும். அரிப்பது என்று பெயர். கிழவியின் மணிக்கட்டு ஆடுவதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அரித்த அன்றைக்குச் சோற்றில் கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கணம் நிறுத்தி யோசித்துச் சாப்பிட்டார்.

கொள்ளு ரசம், சாமைச் சோறு. சென்னையில் சிறுதானியம் என்று கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்பதை இவர்கள் மழையோடு மல்லுக்கட்டி எடுக்கிறார்கள். ரேஷன் அரிசி வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் சாமைச் சோற்றுக்கு முகம் சுளிப்பதாக அக்கா குறைப்பட்டுக்கொண்டார். சாமை விற்கத்தான், சாப்பிட அரிசி என்று ஆகிவிட்டதாம்.

மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம்; பேச்சில் குறைவில்லை. இம்மலைவாசிகள் மலையாளி என்னும் பழங்குடியினர், கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேச்சு தமிழ்தான். எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டால், அவர் போய் நிற்கும் இடம் காஞ்சிபுரம். "நாங்க காஞ்சிபுரத்து ஆளுங்கம்மா. பொண்ணு தேடி வந்து இங்கியே மாட்டிக்கினோம்."

இந்தக் கதையை நான் முன்பே அச்சில் படித்திருந்தேன். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இருக்கிறது. குப்பம் பக்கத்துக் கங்குந்தியில் இருந்த வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் ஏளனமாக மறுக்கவே, வேடர்கள் ஆத்திரத்தில் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். கிளம்பும்போது மனைவிமாரிடம் ஒன்று சொன்னார்கள்: நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு காரியம் செய்துவிடுங்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு வந்து, முடியாமல், திரும்பிக் காஞ்சிக்கே ஓடிவிட்டன. இவர்கள் வேடர்களை வென்று பெண்களை மீட்டுக்கொண்டு ஊர் போனால், மனைவிமார் தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கருமாதி முடிந்துவிட்டது. செத்தவர்களுக்குச் சாதியில் இடமில்லை. ஏழு பேரும் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வந்து உழுது பிழைத்தார்கள்.

இது நடந்ததா என்று கேட்பது வீண். கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் இருக்கும் மலையாளிகளும் காஞ்சிபுரத்தைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு கதைகளோடு. எனக்குப் பிடித்தது இதன் கணக்கு வழக்கு. வீரத்துக்கும் வெற்றிக்கும் இதில் ஒரு பலனும் இல்லை. ஆற்றில் வெள்ளம், நாய்க்கு நீச்சல் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு குலமே மலையேறிவிட்டது. காரியம் செய்த மனைவிமாரைக் குறை சொல்லவும் வழியில்லை. சொன்னபடி செய்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். பெரியவரிடம் கேட்டேன்: "மீட்டுக்கினு வந்தாங்களே அந்த ஏழு பொண்ணுங்க, அவங்க இன்னா ஆனாங்க?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அவங்கவங்க வூட்டுக்குப் போயிருப்பாங்க" என்றார்.

அதுவரை புளி கரைத்துக்கொண்டிருந்த கிழவி தலை நிமிராமலே சொன்னார்: "ஆமா, போயிருப்பாளுங்க. ஆம்பளையையே ஊருக்குள்ள சேக்கல, ராத்திரி தங்கி வந்த பொண்ணுங்கள எவன் சேத்திருப்பான்?"

பெரியவர் காது கேளாதவர் ஆகிவிட்டார்.

இந்தப் பக்கத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போடுவது பழைய வழக்கம். மலையின் அடிவாரத்துச் செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடுகிறது மலைபடுகடாம். பரிசில் வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே புனங்காப்பவர் எறியும் கவண்கல் வரும், எங்கே பாறை வழுக்கும், எந்தக் குடியில் உறவினரைப்போல வரவேற்றுத் தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள் என்று அடி அடியாகச் சொல்கிறார் பெருங்கௌசிகனார். சேயாறும் அதில் வருகிறது. அந்தச் சேயாறு பிறக்கும் மலை இது. திருமுக்கூடலில், காஞ்சி நாட்டுப் பக்கமே போய்ப் பாலாற்றில் விழுகிறது. மழை சற்று விட்ட நேரத்தில் சிறுமியோடு ஓடைப் பக்கம் போனேன். தெரிந்த பாதையெல்லாம் தண்ணீர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எதில் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "அது பாசி. அது ஆடும். அது நல்ல கல்லு." பெருங்கௌசிகனாருக்கு அடுத்தபடி என்று அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பரீட்சைக்கு வருமா என்று கேட்பாள்.

ஊருக்கு வெளியே ஒரு பாறை மேட்டில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கற்திட்டை ஒன்றைக் காட்டினாள். குள்ளர் வீடு என்றாள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் இப்படி மலையில் பல இடத்தில் உண்டு. அதற்குள் ஓர் ஆடு மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது.

பேச்சு ஒரு ராத்திரி ஆந்திராவுக்குத் திரும்பியது. நான் கேட்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பலர் திருவண்ணாமலை மாவட்டத்தின் மலையோர ஊர்களையும் தர்மபுரியின் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. மரம் வெட்டத் தெரிந்த கை என்று இங்கேதான் தேடி வந்தார்கள் புரோக்கர்கள். "கூட்டிக்கினு போனவன் ஒருத்தன் சாவல" என்றார் அக்கா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சாமை புரட்டும் நேரம் வந்துவிட்டது.

டவர் உயிர்பெற்ற மதியம் ஊரில் இருந்த எல்லா செல்போனும் ஒரே நேரத்தில் கத்தின. கரையைக் கடந்த புயல் நகராமல் நின்றிருக்கிறது. பிறகு வலுவிழந்து மேற்கே வந்து கொட்டியிருக்கிறது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையில் 1,68,000 கன அடி திறந்து தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். திருவண்ணாமலையில், டிசம்பர் 1 அன்று, நான் போயிருக்க வேண்டிய நாளில், அண்ணாமலையார் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியிருந்தது. ஏழு பேர். ஐந்து பேர் பிள்ளைகள். பஸ் நிலையத்தில் ஒரு செல்போனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று அந்த வீடியோவைப் பார்த்தோம். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு கடையும் தெரிந்த பெரியவர்கள், எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மா போனில் அழுதாள், பிறகு திட்டினாள்.

கர்ப்பிணிப் பெண்ணை ஜீப்பில் ஆலங்காயம் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். போளூர் ரோட்டிலும் ஒரு வண்டி போகும் அளவுக்கு மண்ணை ஒதுக்கிவிட்டதாகச் சேதி வந்தது.

கிளம்புகிற காலையில் பணம் எவ்வளவு என்று கேட்டேன். ஊர்ப்புறத்து விருந்தோம்பல் பற்றி உருகி உருகி எழுதும் கட்டுரைகளில் இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் பணம் வேண்டாம் என்பார்கள். அக்கா அப்படியெல்லாம் சொல்லவில்லை.

"தீபத்துக்குத் திருவண்ணாமல லாட்ஜுல ஒரு நாளைக்கி இன்னா வாங்குவான்?"

சொன்னேன்.

"அதுல பாதி குடு."

அது ரொம்ப அதிகம் என்றேன். தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, சாமை வேறு புரட்டியிருக்கிறேன். அக்கா யோசித்தார். "நீ குத்துனதுல பாதி நொய்யி" என்றார். கடைசியில் கால்வாசிக்கு முடிந்தது. சாமை இரண்டு படி தனிக் கணக்கு. அதைக் கிழவி அளந்தார், படிக்கு மேலே கோபுரமாகக் குவித்து, வழிக்காமல்.

பஸ் கூட்டம் பிதுங்க இறங்கியது. ஒரு வளைவில் கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். செம்மண் ரோட்டின் பாதிக்கு வழிந்து நின்றது. வேரோடு ஒரு மரம் தலைகீழாகத் தொங்கியது. வெற்று பஸ் ஊர்ந்து கடக்க, நாங்கள் பின்னால் மூட்டைகளோடும் கோழிகளோடும் சேற்றில் நடந்து போய் ஏறிக்கொண்டோம். ஏறியதும் இடத்துக்குச் சண்டை புதிதாக ஆரம்பித்தது.

போளூரில் திருவண்ணாமலை பஸ் நின்றது. நான் எதிர்ப்பக்கம் நின்ற வேலூர் வண்டியில் ஏறினேன். திருப்பூர்ப் பையன்களும் அதில்தான் இருந்தார்கள். காட்பாடியில் ரயில் பிடிக்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் சூப்பர்வைசரிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தான். "மலைல மாட்டிக்கினோம் சார். பஸ்ஸே இல்ல சார். நெஜமா சார், வீடியோ வேணா அனுப்பட்டுமா?" போனைக் கீழே வைத்தான். என்னடா சொல்றான் என்றார்கள் மற்றவர்கள்.

"அங்க நல்ல வெயிலாம்டா. மழைன்னு கதை வுடறோம்னு நெனைக்கிறான். சம்பளம் பிடிப்பானாம்."